மேட்ச்சுக்கு ஒரு பொருள் கூடுதல்

அந்த அகராதி அலுவலகத்தில் யாருக்கும் சொந்தப் பெயர் நிலைத்ததில்லை. ஆங்கிலத்தில் எந்த எழுத்து யாருடைய மேசையில் இருக்கிறதோ அதுவே அவருக்குப் பெயர். எஸ்ஸில் தொடங்கும் சொற்களுக்கு முடிவே கிடையாது என்பதால், எஸ் அண்ணன் வேலைக்குச் சேர்ந்த நாள் முதல் அந்த ஒரே எழுத்தில் குடியிருந்தார். "எஸ்ஸை முடிச்சுட்டு மகளுக்குக் கல்யாணம் பண்ணலாம்னு இருந்தேன். இப்ப பேத்தி பள்ளிக்கூடம் போறா" என்பார். எக்ஸ், வொய், இசட் மூன்றையும் வைத்திருந்த பெண்ணுக்கு வால் என்று பெயர். எழுத்து வரிசையின் வால் என்று நினைத்து வைத்தது. அவள் வாயும் அதற்கேற்றபடி இருந்ததால் ஒட்டிக்கொண்டது. இவர்களுக்கெல்லாம் மேலே பதிப்பாசிரியர். அவர் மட்டும் பெரிய சார்.

எம் எழுத்து எம் அக்காவிடம் இருந்தது. ஐம்பதை நெருங்கும் வயது, கழுத்தில் கயிறு கட்டித் தொங்கும் கண்ணாடி, எதையும் இரண்டு தடவை சரிபார்க்கும் குணம். வீட்டில் காய்கறிக்காரர் நிறுத்துக் கொடுத்ததைக்கூட அவள் மறுபடி நிறுத்துப் பார்ப்பாள் என்று அவள் கணவர் சொல்லுவார். அது பொய். ஆனால் கேட்டவர் யாரும் சந்தேகப்பட்டதில்லை.

ஆங்கிலச் சொற்களுக்குத் தமிழில் பொருள் சொல்லும் பெரிய அகராதி அது. பத்திரிகை, கதை, விளம்பரம், கடைப் பலகை, பேருந்துப் பேச்சு என்று எங்கெங்கோ இருந்து சேர்த்த வாக்கியங்களைக் கணினியில் கொட்டிவைத்திருந்தார்கள். ஒரு சொல்லை எடுத்துக்கொண்டால் அது வரும் வாக்கியங்களையெல்லாம் படித்து, இனம் பிரித்து, ஒவ்வோர் இனத்துக்கும் ஒரு பொருள் எழுத வேண்டும். வேறு அகராதிகளைப் பார்க்கலாம், ஆனால் தன் வேலையை முடித்த பிறகுதான். அங்கே புதிதாக ஏதாவது கண்ணில் பட்டாலும் அதை அப்படியே தூக்கிவரக் கூடாது. அது உண்மையில் வழக்கில் உண்டா என்று சொந்தமாக ஒரு சான்று தேடிப் பிடிக்க வேண்டும்.

வெள்ளிக்கிழமை தோறும் கூட்டம். அவரவர் எழுதியதை உரக்கப் படிக்க வேண்டும். ஒவ்வொரு பொருளைப் படித்து முடித்ததும் பெரிய சார் ஒரே ஒரு கேள்வி கேட்பார்.

"யார் சொன்னா?"

எந்தப் பத்திரிகை, எந்தப் புத்தகம், எந்த ஆள் என்று பதில் வர வேண்டும். வராவிட்டால் அந்தப் பொருள் அங்கேயே செத்தது. வீட்டில் பிள்ளைகள் "நாளைக்கு லீவு" என்று வந்து நின்றாலும் அலுவலகத்தாருக்கெல்லாம் வாயில் முதலில் வருவது "யார் சொன்னா?" என்பதுதான்.

கூட்ட அறையின் கதவு ஒழுங்காகச் சாத்தாது. நிலைக்கும் கதவுக்கும் நடுவே விரல்கனத்துக்கு ஓர் இடைவெளி. சாத்தினால் கொஞ்ச நேரம் யோசித்துவிட்டுத் தானாகத் திறந்துகொள்ளும். "வாங்க, உக்காருங்க" என்று எஸ் அண்ணன் வராத ஆளை வரவேற்பார். யாரோ ஒருநாள் தீப்பெட்டியின் பக்கவாட்டு அட்டையைக் கிழித்து மடித்து அந்த இடைவெளியில் செருகிவைத்தார்கள். அது விழும், யாராவது எடுத்துச் செருகுவார்கள். கூட்டம் தொடங்கும் முன் அதைச் செருகுவது ஒரு சடங்கு போலவே ஆகிவிட்டது.

அந்த அறையில்தான் போன வருடம் டி தம்பியின் கதை நடந்தது.

"டீ வந்துடுச்சா?" என்று அவன் நுழையும்போதெல்லாம் யாராவது கேட்பார்கள், அவனும் சலிக்காமல் சிரிப்பான். நல்ல வேலைக்காரன். ஆனால் அந்த மாதம் அவன் எழுதியவற்றைச் சரிபார்க்கும் முறை எம் அக்காவுக்கு வந்தபோது, 'ட்ரங்க்' என்ற சொல்லில் ஏதோ இடித்தது. அடிமரம், பெட்டி, உடலின் நடுப்பகுதி எல்லாம் சரி. நாலாவதாக 'யானையின் நம்பிக்கை' என்று இருந்தது. கைதவறியிருப்பான் என்றுதான் முதலில் நினைத்தாள். பிறகு போட்டிப் பதிப்பகத்தின் அகராதியைத் திறந்து பார்த்தாள். அங்கேயும் யானைக்குத் தும்பிக்கை இல்லை, நம்பிக்கைதான் இருந்தது. அச்சுப் பிழையோடு சேர்த்து எடுத்துவந்திருக்கிறான். மேலே உள்ள மூன்றும்கூட வார்த்தை மாறாமல் அவர்களுடையதே.

அவள் அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். வெள்ளிக்கிழமைவரை காத்திருந்தாள். இரண்டு பிரதிகளையும் இரண்டு கையில் வைத்துக்கொண்டு, அவர்களுடையது ஒரு வரி, நம்முடையது ஒரு வரி என்று மாற்றி மாற்றிப் படித்தாள். நன்றாகப் படிப்பாள் அவள். யானையின் நம்பிக்கைக்கு வந்தபோது அறையே குலுங்கிச் சிரித்தது. வால் மேசையில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு குலுங்கினாள். சிரிப்பு அடங்கியதும், பெரிய சார் கேட்க வேண்டியதை எம் அக்காவே கேட்டாள்: "யார் சொன்னா தம்பி? யானை சொல்லிச்சா?"

மறுபடியும் சிரிப்பு. டி தம்பி கதவுப் பக்கம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அடுத்த திங்கட்கிழமை அவன் வரவில்லை. அவனுக்குக் குழந்தை பிறந்து இரண்டு வாரம் ஆகவில்லை என்றும், தாயும் பிள்ளையும் இன்னும் மருத்துவமனையில் இருக்கிறார்கள் என்றும் பிறகுதான் தெரிந்தது. "அதுக்காகத் திருடலாமா?" என்று எம் அக்கா கேட்டாள். கொஞ்ச நாளில் அவன் போட்டிப் பதிப்பகத்திலேயே வேலைக்குச் சேர்ந்துவிட்டதாகச் செய்தி வந்ததும், "சொந்த வீட்டுக்கே போய்ச் சேந்தாச்சு" என்று எஸ் அண்ணன் சொல்ல, அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது.

இந்த வருடம் எம் அக்காவின் மேசைக்கு 'மேட்ச்' வந்தது.

பார்க்கச் சின்னச் சொல். குழந்தைகூடச் சொல்லும். தோண்டத் தொடங்கினால்தான் தெரியும், அது ஒரு சொல்லே இல்லை. ஒரே சட்டை போட்ட இரண்டு சொற்கள். ஜோடி, இணை, சமமான ஆள், விளையாட்டுப் போட்டி, பொருத்தமான வரன், சேலைக்கேற்ற ரவிக்கை — இவை எல்லாம் ஒரு குடும்பம். பழைய ஆங்கிலத்தில் துணை, கூட்டாளி, ஜோடியில் ஒன்று என்று பொருள்பட்ட ஒரு சொல்லின் பிள்ளைகள். முதலில் துணையாக இருந்தவன் பிறகு சமமானவன் ஆனான். சமமானவன் எதிரே வந்து நின்றதும் போட்டியாளன் ஆனான். தீக்குச்சி இந்த வீட்டுப் பிள்ளையே இல்லை. அது பிரெஞ்சிலிருந்து வந்தது. அங்கே அதற்கு விளக்குத் திரி என்று பொருள். திரி பீரங்கிக்குப் போய், பற்றவைக்கும் கயிறு ஆகி, கடைசியில் உரசினால் எரியும் குச்சியில் வந்து நின்றது. அந்தத் திரிக்கும் முன்னால் போனால் லத்தீனில் விளக்கின் மூக்கு, கிரேக்கத்தில் மூக்குச்சளி என்று ஓர் ஊகம் இருந்தது. உறுதியில்லை, 'இருக்கலாம்' என்று மட்டுமே போட முடியும்.

"ச்சீ அக்கா, இனி நான் தீக்குச்சியைத் தொட மாட்டேன்" என்றாள் வால்.

"உனக்கு ஏத்த மேட்ச் அதுதான்" என்றார் எஸ் அண்ணன். "உரசினா பத்திக்கும்."

வீட்டில் கணவர் கண்ணாடிக் கடையில் லென்ஸ் தேய்க்கும் வேலையிலிருந்து வந்ததும் "இன்னிக்கு மேட்ச் என்ன ஆச்சு?" என்று கேட்பார். மகள் தொலைக்காட்சியைப் பார்த்தபடி ஸ்கோரைச் சொல்லுவாள். "உன்னைக் கேக்கலடி, உங்கம்மா மேட்ச்சைக் கேட்டேன்" என்பார். மூன்று பேரும் சிரிப்பார்கள். நல்ல நாட்களாகத்தான் அவை இருந்தன.

ஒரு வெள்ளிக்கிழமை எம் அக்கா கூட்டத்தில் சொன்னாள்: "அடுத்த வாரம் படிச்சுடுறேன் சார். இனி அதுல விட்டுப்போனது ஒண்ணும் இல்ல."

அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம்.

மறுவாரம் வேலைக்குப் போகும் பேருந்தில் உட்கார இடம் கிடைத்தது. போட்டிக்காரர்களின் அகராதியைக் கைபேசியில் திறந்தாள். தன் வேலை முடிந்துவிட்டது, விதிப்படி பார்க்கலாம். பார்த்து, 'இவங்க இதை விட்டுட்டாங்க, அதையும் விட்டுட்டாங்க' என்று மனதுக்குள் கொஞ்சம் மகிழவும் செய்தாள். கடைசி வரிக்கு வந்தபோது அந்த மகிழ்ச்சி நின்றது. 'தச்சு வேலையில், கதவு ஆடாமல் நிற்க நிலைக்கும் கதவுக்கும் இடையே செருகும் மெல்லிய பட்டை.'

இது அவளிடம் இல்லை. அவ்வளவு வாக்கியத்தையும் படித்தவளுக்கு இது தட்டுப்படவே இல்லை. ஆனால் படித்ததும் எங்கேயோ பார்த்ததுபோல் இருந்தது. இருக்கும், தச்சர்கள் சொல்லக்கூடியதுதான் என்று தோன்றியது. வீட்டுச் சமையலறையில் அலமாரி செய்யும் தச்சர் ஒருவர் இருந்தார். ஒரு கதவு மட்டும் பாக்கி வைத்து, எப்போது கூப்பிட்டாலும் "நாளைக்கு" என்பார். கணவர் அவருக்கு வைத்த பெயரே அதுதான்: நாளைக்கு. "நாளைக்கு நாளைக்கு வராராம்" என்று வீட்டில் ஒரு வேடிக்கை. அவரிடம் கேட்டுவிட்டால் சான்று ஆயிற்று.

போன் செய்தாள். எடுக்கவில்லை. மறுநாள் செய்தாள். எடுத்து, "நாளைக்கு வந்துடுறேன்க்கா" என்று அவள் வாயைத் திறக்கும் முன் வைத்துவிட்டார். வெள்ளிக்கிழமை வந்துவிட்டது.

அந்தப் பொருளை அவள் தன் வார்த்தையில் திருப்பி எழுதியிருந்தாள். 'பட்டை' என்பதை 'சீவல்' ஆக்கியிருந்தாள். அதைப் படிப்பதா வேண்டாமா என்று கடைசிவரை முடிவு செய்யவில்லை. எல்லாவற்றையும் படித்தாள். யார் சொன்னா, யார் சொன்னா என்று பெரிய சார் கேட்டுக்கொண்டே வர, பத்திரிகை, நாவல், விளம்பரம் என்று தடுமாறாமல் சொல்லிக்கொண்டே வந்தாள். கடைசியாக அதையும் படித்தாள். படித்த வேகம் அப்படி.

"யார் சொன்னா?"

"எங்க வீட்டுத் தச்சர் சார்."

நாளைக்கு எப்படியும் கேட்கப்போகிறோம். ஒரு நாள் முந்திச் சொன்னதாக ஆகும், அவ்வளவுதானே என்று நினைத்துக்கொண்டாள்.

பெரிய சார் பேனாவை மேசையில் வைத்தார். அவர் பேனாவை வைப்பது அபூர்வம். "பாத்தீங்களா?" என்றார் எல்லாரையும் பார்த்து. "புத்தகத்துல இருக்கிறதை யார் வேணும்னாலும் எடுப்பான். இவங்க சமையலறையில நின்னு காதைக் கொடுத்திருக்காங்க."

"எங்க மாமனாரும் இதைச் சொல்லுவார் சார்" என்றார் எஸ் அண்ணன். "ஜன்னல் ஆடினா, ஒரு மேட்ச் வைடாம்பாரு."

"நான்கூட எங்கேயோ கேட்டிருக்கேன்" என்றாள் வால்.

எம் அக்காவுக்கு ஒரு கணம் நிம்மதியாகவே இருந்தது. அப்படியானால் உண்மைதான் போல.

பெரிய சார் அன்றே முடிவு செய்தார். அகராதி வெளிவருமுன் புத்தகக் கடைகளுக்கு அனுப்பும் மாதிரிப் பக்கமாக 'மேட்ச்' போகட்டும். அதோடு விடவில்லை. "அந்தத் தச்சரை அடுத்த வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வாங்கம்மா. நாலு பேர் முன்னாடி ஒரு நன்றி சொல்லணும்."

"அவர் வர்றது கஷ்டம் சார்…"

"வேலையா இருப்பாரு. பத்து நிமிஷம் போதும்னு சொல்லுங்க."

சனிக்கிழமை அவளே தச்சரின் பட்டறையைத் தேடிப் போனாள். தகரக் கூரை, உள்ளே முழங்காலளவு மரத்தூள், நடுவே நாளைக்கு. அவளைப் பார்த்ததும் அவர் கையிலிருந்த இழைப்புளியைக் கீழே போட்டார். "அக்கா, சத்தியமா நாளைக்கு…"

"அலமாரிக்காக வரல. ஒரு வார்த்தை கேக்கணும்."

கேட்டாள். கதவுக்கும் நிலைக்கும் நடுவில் மெல்லிசா ஒன்று செருகுவார்களே, அதற்கு என்ன பேர்?

"பேரா? அதுக்கு எதுக்குக்கா பேரு? கையில கிடைச்சதைச் சொருகுவோம்."

"மேட்ச்னு சொல்ல மாட்டீங்களா?"

"மேட்ச்சா?" அவர் யோசித்தார். உதவ வேண்டும் என்ற ஆசை முகத்தில் தெரிந்தது. பாக்கிக் கதவு அவர் மனதில் இருந்திருக்கும். "சொல்லணுமா? சொன்னாப் போச்சு."

"இல்ல, நீங்களா சொல்லுவீங்களான்னு கேக்குறேன்."

"இதுவரைக்கும் சொன்னதில்ல. ஆனா நல்லாத்தான் இருக்கு. ரெண்டையும் பொருத்தி வெக்குதில்ல, மேட்ச்தானே?" உள்ளே திரும்பி உதவியாளரைப் பார்த்துக் கத்தினார்: "ஏய், அந்தச் சீவலை எடு. இனி அதுக்கு மேட்ச்னு பேரு. அக்கா அகராதியில போடப்போறாங்க."

எம் அக்காவின் காது சூடேறியது. நிறுத்துங்கள் என்று சொல்ல வேண்டிய இடம் அது. அவள் வாயிலிருந்து வேறொன்று வந்தது. வெள்ளிக்கிழமை அலுவலகத்துக்கு வர முடியுமா என்று கேட்டாள். முகவரியையும் சொன்னாள். சொல்லிக்கொண்டிருக்கும்போதே, என்ன செய்துகொண்டிருக்கிறாய் என்று உள்ளே ஒரு குரல் கேட்டது. அது தன் குரல் மாதிரியே இல்லை, கூட்டத்தில் இரண்டு கையிலும் தாளை வைத்துக்கொண்டு படித்தவளின் குரல் மாதிரி இருந்தது.

"கண்டிப்பா வர்றேன்க்கா" என்றார் நாளைக்கு. அவர் கண்டிப்பாக என்று சொன்னால் வரமாட்டார் என்பது ஒன்றுதான் அவளுக்கு அப்போது ஆறுதல்.

புதன்கிழமை மதியம் சாப்பாட்டுப் பெட்டியைத் திறந்தபோது கைபேசி ஒலித்தது. தெரியாத எண்.

"அக்கா, நான்தான். டி."

ஒரு வருடத்துக்குப் பிறகு அந்தக் குரல். அவள் எழுந்து மாடிப்படிக்குப் போனாள். "சொல்லு தம்பி. குழந்தை எப்படி இருக்கு?" அந்தக் கேள்வியை அவனிடம் அவள் கேட்டது அதுவே முதல் தடவை.

"நடக்குதுக்கா. நிக்க மாட்டேங்குது, ஓடத்தான் செய்யுது." சிரித்தான். பிறகு குரல் தணிந்தது. "உங்க மாதிரிப் பக்கம் ஒரு புத்தகக் கடைக்காரர் காட்டினாரு. மேட்ச்."

"ம்."

"கடைசிப் பொருளை எடுத்துடுங்கக்கா."

அவள் ஒரு படி கீழே இறங்கினாள்.

"அது இல்லாத பொருள்க்கா. நான் போட்டது. எங்க ஆபீஸ்ல ஒவ்வொரு எழுத்துலயும் ஒண்ணு ரெண்டு பொய் வெப்போம். யாராவது அப்படியே எடுத்தா மாட்டுவாங்கன்னு. எம்மை என்கிட்டக் கொடுத்தாங்க. மாட்டுறது யாருன்னு பாக்குறதும் என் வேலைதான்."

மாடிப்படியின் சுவர் சில்லென்று இருந்தது. அவள் அதில் சாய்ந்தாள்.

"எங்க முதலாளி இன்னும் பாக்கல. பாத்தா விட மாட்டாரு. இதுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்காரு. நான் பாக்கலன்னு வெச்சுக்குறேன். அச்சுக்குப் போறதுக்குள்ள சத்தமில்லாம எடுத்துடுங்க. மாதிரிப் பக்கம்தானே, திருத்தினதுன்னு சொல்லிக்கலாம்."

"எம் என்கிட்ட இருக்குன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும்."

"அப்புறம் ஏன் எனக்குச் சொல்ற?"

"அன்னிக்கு நான் பண்ணது தப்புதான்க்கா. நீங்க கண்டுபிடிச்சது சரி. ஆனா அந்தச் சிரிப்பு… அது யாருக்கும் வேணாம்."

ஏதாவது பேச வேண்டும் என்பதற்காக, "அந்தப் பொருள் எங்கிருந்து வந்துச்சு உனக்கு? நிஜம் மாதிரியே இருந்துச்சே" என்றாள்.

"நம்ம கூட்ட அறைக் கதவுதான்க்கா. அதுல சொருகுவோமே, தீப்பெட்டி அட்டை. அன்னிக்கு நீங்க படிச்சு முடிக்கிற வரைக்கும் அதைத்தான் பாத்துக்கிட்டிருந்தேன். விழுமா விழாதான்னு." மறுபடி சிரிக்க முயன்றான். "விழல."

போனை வைத்த பிறகும் அவள் படியிலேயே உட்கார்ந்திருந்தாள். சாப்பாட்டுப் பெட்டி திறந்தபடி மேசையில் காய்ந்துகொண்டிருந்தது. எங்கேயோ பார்த்ததுபோல் இருந்ததே, அது இதுதான். அவன் கண்ணைத் தூக்க முடியாமல் பார்த்துக்கொண்டிருந்ததை அவள் எடுத்து வந்து, சீவல் என்று மாற்றி, தச்சர் சொன்னார் என்று பெயர் வாங்கியிருக்கிறாள். அவனாவது தும்பிக்கையை நம்பிக்கை என்று அவர்கள் வைத்தபடியே எடுத்தான். பொய்ச்சாட்சி யாரையும் கொண்டுவரவில்லை.

எடுத்துவிடுவது சுலபம். தச்சர் உறுதியாகச் சொல்லவில்லை சார், வேண்டாம் என்று ஒரு வரி. பெரிய சார் மெச்சக்கூடச் செய்வார்: பாருங்கள், எவ்வளவு கறார். அந்த மெச்சலைத்தான் அவளால் வாங்கிக்கொள்ள முடியாது.

அன்று சாயங்காலம் கணவர் வழக்கம்போல் "மேட்ச் என்ன ஆச்சு?" என்றார்.

"தோத்துப்போச்சு" என்றாள். மகள் திரும்பிப் பார்த்தாள். அம்மா சிரிக்காததால் அவளும் சிரிக்கவில்லை. கணவர் தட்டிலிருந்து கையை எடுத்தார். "என்னம்மா ஆச்சு?" அவள் எல்லாவற்றையும் சொன்னாள். தச்சர் பட்டறைக்குப் போனதைச் சொல்லும்போது மட்டும் அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"சரி, சத்தமில்லாம எடுத்துடேன்" என்றார் அவர். "அவனே சொல்றானே."

"அவன் சொல்றான்."

"அப்புறம்?"

"அவனுக்கு நான் சத்தமில்லாமச் சொல்லலயே."

வியாழன் முழுவதும் தச்சருக்குப் போன் செய்தாள், வர வேண்டாம் என்று சொல்ல. அவர் எடுக்கவே இல்லை. வரச் சொன்னாலும் எடுக்க மாட்டார், வேண்டாமென்றாலும் எடுக்க மாட்டார்.

வெள்ளிக்கிழமை வால் அட்டையைச் செருகிவிட்டு உட்கார்ந்தாள். எம் அக்கா இரண்டு தாள்களோடு எழுந்தாள். போட்டிக்காரர்களுடையது ஒன்று, தன்னுடையது ஒன்று. இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டாள். அவர்களுடைய வரியைப் படித்தாள். தன் வரியைப் படித்தாள். குரல் போன வருடம்போல் எழும்பவில்லை. ஆனாலும் 'பட்டை' என்பதையும் 'சீவல்' என்பதையும் அழுத்தியே படித்தாள்.

வால் களுக்கென்று சிரித்தாள், ஏதோ வேடிக்கை என்று. எம் அக்காவின் முகத்தைப் பார்த்ததும் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"இது அவங்க பொறியா வெச்ச பொய்ப் பொருள் சார். நான் அதை எடுத்தேன். தச்சர் சொல்லல. நான் அவர்கிட்டக் கேக்குறதுக்கு முன்னாடியே சொன்னாருன்னு சொன்னேன். அப்புறம் போய் அவரைச் சொல்ல வெக்கப் பாத்தேன்." எங்கேயாவது நிறுத்தினால் தொடர முடியாது என்று பயந்து ஒரே மூச்சில் சொன்னாள். "டி தம்பி போன் பண்ணிச் சொன்னாரு. சத்தமில்லாம எடுக்கச் சொன்னாரு."

அவள் சிரிப்பை எதிர்பார்த்திருந்தாள். வந்தால் தாங்கிக்கொள்ளலாம், கணக்கு நேராகும் என்று நினைத்திருந்தாள். யாரும் சிரிக்கவில்லை. எஸ் அண்ணன் மேசை விளிம்பில் இல்லாத அழுக்கைச் சுரண்டிக்கொண்டிருந்தார். கொஞ்சம் கழித்து, "என் மாமனாருக்குச் சுத்தியலே பிடிக்கத் தெரியாது சார்" என்றார் யாரையும் பார்க்காமல்.

பெரிய சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "மாதிரிப் பக்கத்தைத் திரும்ப வாங்கணும்" என்றார். "கடைக்காரங்ககிட்ட நானே பேசுறேன்." பிறகு, "உக்காருங்கம்மா" என்றார். குரலில் கோபம் இல்லை. நோயாளியிடம் பேசும் குரல். அவளுக்கு உட்காரத் தெரியவில்லை. தாள்களை மடித்தாள், பிரித்தாள், மறுபடி மடித்தாள்.

அப்போது கதவு தானாகத் திறந்தது. அட்டை தரையில் விழுந்தது. வாங்க என்று யாரும் சொல்லவில்லை.

ஆனால் ஆள் நின்றிருந்தது. தலையைப் படிய வாரி, இஸ்திரி போட்ட சட்டையில், கையில் அளவு நாடாவோடு நாளைக்கு. வாழ்க்கையில் முதல் தடவையாகச் சொன்ன நாளில் வந்திருந்தார்.

"அக்கா வரச் சொன்னாங்க" என்றார் பொதுவாக. அறையில் நிலவிய அமைதியைத் தனக்கான மரியாதை என்று எடுத்துக்கொண்டார் போலிருக்கிறது. நிமிர்ந்து நின்றார். பிறகு கதவைப் பார்த்தார், நிலையைப் பார்த்தார், தரையில் கிடந்ததைப் பார்த்தார். தொழில்காரர் கை சும்மா இருக்காது. குனிந்து அட்டையை எடுத்து, இன்னொரு மடிப்பு மடித்து, இடைவெளியில் சரியான இடம் பார்த்து விரலால் தட்டிச் செருகினார். கதவு அசையாமல் நின்றது. இத்தனை வருடத்தில் அது அப்படி நின்றதில்லை.

திரும்பி எல்லாரையும் பார்த்துப் பெருமையோடு சிரித்தார்.

"இதுக்குப் பேருதாங்க மேட்ச்."

எம் அக்கா கண்ணை மூடிக்கொண்டாள். பெரிய சாரின் குரல் கேட்டது. கேட்க வேண்டும் என்று கேட்டதல்ல. இத்தனை வருடப் பழக்கம் தானாக வாயிலிருந்து விழுந்தது.

"யார் சொன்னா?"

"நம்ம அக்காதான்" என்றார் தச்சர்.

அவள் கண்ணைத் திறந்தாள். அவர் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தார். உண்மையை அவரிடம் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருந்தது. கையிலிருந்த தாள்களை மேசையில் வைத்துவிட்டு அவள் கதவை நோக்கி நடந்தாள்.